இவான் ஐவசோவ்ஸ்கி

இவான் கான்ஸ்தந்தினோவிச் ஐவசோவ்ஸ்கி (29 ஜூலை 1817 – 2 மே 1900) ரஷ்யப் பேரரசில் வாழ்ந்த ஆர்மீனிய ஓவியர். கடற்காட்சி ஓவியத்தின் பெரும் மேதைகளுள் ஒருவர். கருங்கடலோரம் கிரீமியாவில் உள்ள ஃபியோடோசியா துறைமுக நகரில் பிறந்து, அங்கேயே மறைந்தார். ஏறத்தாழ 6,000 ஓவியங்கள் படைத்த இவர், கடலைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே வரைந்தார்.

இளமையும் பயிற்சியும்

ஆர்மீனிய வணிகர் ஒருவரின் மகனான இவருக்குத் திருமுழுக்கின்போது இட்ட பெயர் ஹொவானெஸ் ஐவஸ்யான். தந்தையின் வணிகம் நொடித்ததால் வறுமையில் வளர்ந்தார். சிறுவனின் வரைதிறனைக் கண்ட நகர நிர்வாகி கஸ்னச்சேயெவ் படிப்புக்கு வழிசெய்தார். 1833இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் சேர்ந்து, நிலக்காட்சி ஓவியர் மக்சீம் வரபியோவிடம் பயின்றார். 1837இல் தங்கப் பதக்கம் பெற்றார். 1839இல் கருங்கடல் படையுடன் காக்கசஸ் கரைக்குச் சென்றபோது போர்க்கப்பல்களின் கட்டமைப்பையும் பாய்களையும் கயிறுகளையும் அருகிலிருந்து கற்றுக்கொண்டார். பிற்காலப் போர் ஓவியங்களுக்கு இந்த அறிவே அடித்தளம்.

1840இல் இத்தாலி சென்றார். வெனிஸ் அருகே புனித லாசர் தீவின் ஆர்மீனிய மடத்தில் துறவியாக இருந்த அண்ணன் கப்ரியேலைச் சந்தித்தார். இவரது ஓவியத்தைப் பார்த்த ஆங்கிலேய ஓவியர் டர்னர் மனமுருகிப் பாராட்டியதாகக் கூறப்படுகிறது.

கடற்படை ஓவியர்

1844இல் நாடு திரும்பியதும் ரஷ்யக் கடற்படைத் தலைமையகத்தின் ஓவியராக நியமிக்கப்பட்டார். தலைநகரின் புகழும் வசதியும் காத்திருந்தும், அடுத்த ஆண்டே ஃபியோடோசியாவுக்குத் திரும்பிக் கடலோரம் வீடும் கலைக்கூடமும் கட்டத் தொடங்கினார். செஸ்மே, சினோப் கடற்போர்களை வரைந்தார். நிலவொளியில் கான்ஸ்டான்டிநோபிள், உக்ரைன் புல்வெளி, காக்கசஸ் மலைகள், அராரத் சிகரம் ஆகியவையும் இவரது நிலக்காட்சிகளில் இடம்பெற்றன.

செய்முறை

அலையின் அசைவும் மின்னலின் வெட்டும் காற்றின் வீச்சும் தூரிகைக்காகக் காத்திருப்பதில்லை. அவற்றை மனத்தில் பதித்துக்கொண்டே வரைய வேண்டும் என்பது இவரது உறுதியான கருத்து. வெளியிடங்களில் பென்சிலால் குறிப்புகள் மட்டும் எடுத்துக்கொள்வார். வண்ணம் தீட்டுவது கலைக்கூடத்தில்தான். அலைகளின்மேல் மெல்லிய வண்ணப் படலங்களைப் பூசி, நீருக்குள் ஒளி ஊடுருவும் தோற்றத்தை உண்டாக்கினார்.

இந்தக் கைவண்ணத்தை 1850இல் வரைந்த ‘ஒன்பதாம் அலை’யில் முழுமையாகக் காணலாம். புயலில் வரும் ஒன்பதாவது அலையே மிகக் கொடியது என்ற மாலுமிகளின் நம்பிக்கையிலிருந்து அதன் பெயர் வந்தது. 221 செ.மீ. உயரமும் 332 செ.மீ. அகலமும் கொண்ட படத்தின் கீழ்ப்பகுதியில், ஒடிந்த பாய்மரத்தைப் பற்றியபடி சிலர் தத்தளிக்கிறார்கள். அவர்கள்மீது கவிழவிருக்கும் அலையின் முகடு, பின்னாலிருந்து வரும் விடியல் ஒளியில் பச்சைக் கண்ணாடிபோல் மிளிர்கிறது. அழிவும் நம்பிக்கையும் அந்த ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. ஓவியம் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஊருக்குச் செய்தவை

1865இல் ஃபியோடோசியாவில் ஓவியப் பள்ளி தொடங்கினார். 1880இல் வீட்டோடு சேர்ந்த ஓவியக்கூடத்தைத் திறந்து, பின்னர் அதை நகருக்கே எழுதிவைத்தார். தண்ணீர்ப் பஞ்சத்தில் வாடிய ஊருக்குத் தன் நிலத்துச் சுபாஷ் ஊற்றிலிருந்து நாளொன்றுக்கு 50,000 வாளி நீர் வழங்கினார். 1892இல் ஊருக்கு ரயில் வந்ததிலும் இவரது முயற்சிக்குப் பெரும் பங்குண்டு.

இறுதி ஆண்டுகள்

உதுமானியச் சுல்தான்கள் இவருக்கு விருதுகள் வழங்கியிருந்தனர். 1890களில் அந்நாட்டில் ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்டபோது அந்தப் பதக்கங்களைக் கடலில் எறிந்தார். 1898இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், ‘அலைகளின் நடுவே’ என்ற மாபெரும் ஓவியத்தைப் படைத்தார். அதில் கப்பலும் இல்லை, மனிதரும் இல்லை. கொந்தளிக்கும் நீரும் மேகத்தைக் கிழித்து இறங்கும் ஒளிக்கற்றையும் மட்டுமே. வாழ்நாள் முழுவதும் மனத்தில் சேர்த்த கடல் அங்கே தனியே நிற்கிறது.

1900இல் இவர் மறைந்தபோது, வெடித்துச் சிதறும் கப்பலைக் காட்டும் ஓவியம் ஒன்று முற்றுப்பெறாமல் இருந்தது. ஃபியோடோசியாவின் புனித சர்கிஸ் ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் ஊருக்கு விட்டுச்சென்ற ஓவியக்கூடத்தில் இன்று அவரது 400க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன.