பர்மாவின் கணக்காயரும் விபாசனாவும்

பௌத்த தியானம் இன்று மருத்துவமனைகளிலும், நிறுவனங்களின் பயிற்சி அறைகளிலும், அலைபேசிச் செயலிகளிலும் ஒருங்கே புழங்குகிறது. அறிமுகம் செய்வோர் யாராயினும் 2500 ஆண்டுத் தொன்மையைச் சொல்லியே தொடங்குகின்றனர். போதனை தொன்மையானதே. ஆனால் குடும்பமும் உத்தியோகமும் உடைய ஒருவர் சில நாட்கள் ஓரிடத்தில் தங்கித் தியானம் பயின்று, மறுவாரம் தம் அலுவலுக்குத் திரும்பும் ஏற்பாட்டுக்கு வயது நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தாம். அது உருப்பெற்ற இடம் பர்மா. உருப்பெறக் காரணம், ஓர் அரசின் வீழ்ச்சி.

மணிமேகலை பயின்றோர்க்கு இதில் வியப்பிராது. இறுதிக் காதையில் அறவண அடிகள் சார்பு பன்னிரண்டையும் விளக்கி, நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை ஆகியவற்றைச் சிந்தித்துப் பற்றறுக்கும் வழியை உரைக்கிறார். அதைக் கேட்பவள் தவக்கோலம் பூண்ட மணிமேகலை. ஊராருக்கு அக்காப்பியம் காட்டுவது அமுதசுரபியை, அதாவது அறத்தையும் கொடையையும். தேரவாத நாடுகளிலும் நடைமுறை பெரும்பாலும் இதுவாகவே இருந்தது. இல்லறத்தார் பிக்குவுக்கு உணவளித்துப் புண்ணியம் தேடினர். தியானம் சில வனவாசிப் பிக்குகளின் பாடு.

பர்மாவில் சாசனத்தைக் காப்பது மன்னனின் கடமை. மிண்டோன் மன்னர் திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் பொறித்து மாண்டலேயில் நிறுவினார். அவர் மகன் தீபோவை 1885-இல் ஆங்கிலேயர் சிறைப்பிடித்து இரத்தினகிரிக்கு அனுப்பினர். புதிய ஆட்சியாளர் சாசனக் காவலைத் தம் பொறுப்பாகக் கொள்ளவில்லை. மன்னனில்லாத நாட்டில் புத்தரின் போதனை எவ்வாறு பிழைக்கும் என்ற அச்சம் பிக்குகளைப் பற்றிக்கொண்டது.

அந்த அச்சத்துக்கு லெடி சயாடோ (1846–1923) கண்ட விடை துணிவானது. மன்னன் காத்ததை இனி மக்கள் ஒவ்வொருவரும் காக்கட்டும் என்று, அபிதம்மத்தை எளிய பர்மிய மொழியில் எழுதி ஊர் ஊராகக் கொண்டு சென்றார். ஆழ்ந்த சமாதி நிலைகளை எய்தாதவரும் விபாசனாவைத் தொடங்கலாம் என்றார். இல்லறத்தாருக்குக் கதவு திறந்தது இங்கேதான். அபிதம்மத்தசங்கக நூலுக்கு அவர் எழுதிய உரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அம்மூலநூலை இயற்றிய அநுருத்தர் தமிழகத்தவர் என்று கருதுவோர் உண்டு. அவர் பெயரில் வழங்கும் பரமத்தவினிச்சயம் ஆசிரியரின் பிறப்பிடத்தைக் காஞ்சி நாட்டுக் காவேரி நகரம் என்கிறது. இருவரும் ஒருவர்தாமா என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. நமக்கு ஆசை இருக்கிறது என்பதற்காக அதைத் தீர்த்துவிடவும் முடியாது.

லெடி சயாடோவிடம் பயின்றவர்களில் சயா தெட்ஜி ஓர் உழவர். 1903-இல் பரவிய காலராவில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, ஆறுதல் தேடி அலைந்தவர். துறவு பூணாமலே ஆசிரியரானார். அவரிடம் 1937-இல் பயின்றவர் ஊ பா கின் என்ற கணக்கு அதிகாரி. பர்மா 1948-இல் விடுதலை பெற்றபோது அவர் நாட்டின் தலைமைக் கணக்காயரானார். அலுவலக ஊழியர்களுக்கே விபாசனா கற்பித்தார். 1952-இல் ரங்கூனில் தியான மையம் நிறுவினார். 1967 வரை அரசுப் பணியிலும் நீடித்தார். தணிக்கைக் கோப்பும் தியானமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்ததை நாம் சிறிது நின்று நோக்கவேண்டும். இங்கே தியானம் அலுவல் களைப்புக்கு மருந்தாக வரவில்லை. பொய்யாமை, கள்ளாமை முதலிய ஐந்து சீலங்களை ஏற்ற பின்னரே பயிற்சி. கணக்குத் துறையில் அவை வெறும் சடங்கு மொழியாக இருந்திருக்க இயலாது.

மாண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகர் சத்திய நாராயண் கோயங்கா கடும் ஒற்றைத் தலைவலியால் வருந்தி இவரை நாடினார். தலைவலி தீரவேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் வரவேண்டாம், அது தம்மத்தின் மதிப்பைக் குறைப்பதாகும் என்று ஊ பா கின் மறுத்ததாகக் கோயங்காவே பலமுறை கூறியிருக்கிறார். நோக்கத்தை மாற்றிக்கொண்டு அவர் 1955-இல் முதல் பயிற்சியில் அமர்ந்தார். 1962-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தொடர்ந்து வந்த தேசியமயமாக்கலில் அவர் தொழில்கள் பறிபோயின. சென்னையின் பர்மா பஜாருக்கு அப்பெயர் வரக் காரணமான தமிழர்கள் கப்பலேறியதும் அதே அலையில்தான். கோயங்கா 1969-இல் இந்தியா வந்து பம்பாயில் முதல் பயிற்சியை நடத்தினார். 1976 முதல் இகத்புரி மையம் இயங்குகிறது. 1994-இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒருசேர அமர்ந்தனர்.

மேற்கில் கதை வேறு வழியில் சென்றது. சதி என்ற பாளிச் சொல்லை ரைஸ் டேவிட்ஸ் 1881-இல் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று ஆங்கிலப்படுத்தினார். ஜான் கபட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீரா வலியுற்றோருக்காகச் சமயச் சொற்களை நீக்கிய எட்டு வாரப் பயிற்சியை வகுத்தார். இயந்திர மொழிபெயர்ப்பில் அந்த ஆங்கிலச் சொல் தமிழில் ‘நினைவாற்றல்’ என வருவதுண்டு. நகைப்புக்குரியதாகத் தோன்றினும், நினைவு என்பதே சதியின் மூலப் பொருள்.

ஊ பா கின் மறுத்த தலைவலியே இன்று தலைவாசல் ஆகிவிட்டது. வலியுற்றவரிடம் போய் இதைக் குறையாகச் சொல்ல நமக்கு மனமில்லை. தெட்ஜியும் துயரத்தால்தான் வந்தார். நம் ஐயம் வேறிடத்தில். எண்வழியில் தியானத்துக்கு முன்னே நிற்பது நல்வாழ்க்கைத் தொழில். ஊழியருக்கு மூச்சைக் கவனிக்கக் கற்றுத்தரும் நிறுவனம், தன் வணிகத்தைப் பற்றியோ அவர்களுடைய வேலைநேரத்தைப் பற்றியோ அதே அறையில் பேச விடுவதில்லை. ரங்கூன் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா ஏற்ற சீலங்களை அவருடைய மேலதிகாரியும் ஏற்றிருந்தார்.