தூக்கிய பாரமும் தாங்கிய கட்டையும்

லண்டனில் பூட்டுத் தொழிலில் கீர்த்தி பெற்றிருந்த ஜோசப் பிராமா 1795-ஆம் ஆண்டில் நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது, அதன் தத்துவம் புதிதாக இருக்கவில்லை. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திக்குகளிலும் குறைவின்றிப் பரவும் என்பதையும், ஆகவே சிறிய உந்துதண்டை அழுத்துகிறவன் பெரிய உந்துதண்டின் மேலுள்ள பெரும்பாரத்தை உயர்த்தலாம் என்பதையும் பிரெஞ்சு ஞானி பாஸ்கல் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். தண்டுக்கும் உருளைக்கும் நடுவே நீர் கசியாமல் தடுக்கும் உபாயம் ஒன்றுதான் அகப்படாமல் இருந்தது. பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம்போல் வளைத்த தோல் வளையம் ஒன்றை அந்த இடைவெளியில் பொருத்தினார்; அழுத்தம் ஏற ஏற, நீரே அத்தோலை விரித்துத் தண்டோடு இறுக்கிற்று; அழுத்தம் தணிந்ததும் தோல் தளர்ந்து தண்டுக்கு வழிவிட்டது.

பட்டறையில் இன்று நாம் காணும் ஹைட்ராலிக் ஜாக்கிக்கும் உயிர்நிலை இப்படியொரு ஸீல்தான். அது தேய்ந்தாலும், வால்வில் ஒரு துகள் சிக்கினாலும், எண்ணெய் பின்வாங்கி, தூக்கிய வண்டி தானாகவே இறங்கிவிடும்.

இந்த அபாயத்தை உலகுக்கு மிகப் பெரிய அளவில் காட்டியது, வேல்ஸ் நாட்டில் மெனாய் ஜலசந்தியின் குறுக்கே ராபர்ட் ஸ்டீவன்சன் அமைத்த பிரிட்டானியா ரயில் பாலம். 460 அடி இடைவெளியைக் கடக்கவேண்டிய, 1500 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள இரும்புக் குழாய்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, கோபுரங்களின் உச்சியில் வைத்த நீரழுத்த யந்திரங்களால் சங்கிலி கட்டி உயர்த்தினார்கள். யந்திரத்தின் வலிமையில் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தும், குழாய் ஏற ஏற அதன் அடியில் உடனுக்குடன் கட்டையடுக்கி முட்டுக் கொடுத்துவர வேண்டும் என்று ஸ்டீவன்சன் பிடிவாதமாக இருந்தார். வேலை தாமதமாகும் என்பதை அறிந்தே அவர் அவ்வாறு செய்தார். 1849 ஆகஸ்டு 17-ஆம் தேதி யந்திர உருளையின் அடிப்பாகம் பிளந்து விழுந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஆனால் குழாய் சில அங்குலமே சரிந்து, தயாராக இருந்த முட்டின்மேல் அமர்ந்துவிட்டது. மறு ஆண்டு அந்தப் பாலத்தில் ரயில் ஓடிற்று. யந்திரத்தைச் சிருஷ்டித்த மேதைமைக்குச் சற்றும் குறையாத மேதைமை அந்தக் கட்டைகளில் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

1851-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்டு டட்ஜன் எடுத்துச் செல்லத்தக்க ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். தரையை விட்டு அசைய மறுத்த கிரேட் ஈஸ்டர்ன் என்ற பிரம்மாண்டமான கப்பலை 1858 ஜனவரியில் தேம்ஸ் நதிக்குள் தள்ளியதில் டாங்கி சகோதரர்களின் ஜாக்கிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் மோட்டார் வண்டி வந்ததும், கப்பலையே நகர்த்திய அந்தச் சாதனம் மெக்கானிக்கின் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்தது. கருவி சிறுத்ததோடு ஜாக்கிரதையும் சிறுத்துப்போனதுதான் வருந்தத்தக்கது. ஒரே ஒரு ஜாக்கியை நம்பி, அல்லது பாரம் தாங்காமல் திடீரென்று நொறுங்கிப்போகும் செங்கல்லை முட்டாக வைத்து, வண்டிக்கடியில் ஊர்ந்து செல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் மட்டும் ஜாக்கியை வைத்துத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டின் மேல் இறக்கி, ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போகவேண்டும் என்பது நல்ல மேஸ்திரிகள் சீடப்பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கும் பாடம்.

1925-ஐ ஒட்டி, மெம்பிஸ் நகரத்துப் பீட்டர் லுனாட்டி, முடிதிருத்தும் கடை நாற்காலி உயர்ந்து தாழ்வதைக் கண்டு, வண்டி முழுவதையும் ஆள் உயரத்துக்குத் தூக்கும் லிஃப்டை உருவாக்கினார் என்பார்கள். இரட்டைத் தூண் லிஃப்டு ஏறும்போது கேட்கும் 'டக், டக்' ஓசை, தூணிலுள்ள பற்களில் பூட்டு ஒவ்வொன்றாக விழும் ஓசை. தேவையான உயரம் வந்ததும் தேர்ந்த மெக்கானிக் வண்டியைச் சற்றே கீழிறக்கி, எண்ணெயின் மேல் நிற்கும் பாரத்தை அந்த இரும்புப் பூட்டின்மேல் உட்காரவைத்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுக்கிறார்.