ஒரு குண்டின் அடக்க விலை

வீட்டிலேயே துப்பாக்கிக் குண்டு செய்வது கட்டுபடியாகுமா? மலேசியாவில் ஒரு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டால், பக்கத்து மேசைக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அமெரிக்காவில் இது சாதாரண வீட்டுக் கணக்கு. 80 ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி. இயந்திரப் பொறியாளனான எனக்கு அதன் விடையைவிட, அது காலத்துக்குக் காலம் மாறிய விதம்தான் சுவாரசியமாகப் பட்டது.

முதலில் ஒரு சொல் விளக்கம். தோட்டா என்பது முழுப் பொருள்: கூடு, மருந்து, தீப்பொறிக் கலவை, முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். குண்டைச் செய்ய இரண்டு வழி உண்டு. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது வார்ப்பு. ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும், அடுப்படியே போதும். உருக்காமல், குளிர்ந்த உலோகத்தை டைக்குள் வைத்துப் பிரஸ்ஸால் அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவருவது ஸ்வேஜிங்.

வார்ப்பு ரொம்பப் பழைய வீட்டு வேலை. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் கயிறு கட்டிக் கீழே இழுத்தது. அந்த ஈயத்தில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டில் ஆலிவர் வோல்காட்டின் வீட்டுக்குப் போனது. பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து 42,088 குண்டுகள் வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார்கள் என்று பெயர்வாரியாகக் கணக்குத்தாள் இருக்கிறது. அங்கே யாரும் கட்டுபடியாகுமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். குண்டு வேண்டும், வாங்க வழியில்லை, அவ்வளவுதான்.

இந்த வேலையை வீட்டிலிருந்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோனது வேதியியல். 1880களில் புகையில்லா வெடிமருந்து வந்ததும் குண்டின் வேகம் கூடியது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலின் உட்புறத்தில் தீற்றிக்கொள்ளும், குறியும் கெடும். 1882இல் சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்பு மேலுறை போட்டதுதான் இதற்குத் தீர்வாக அமைந்தது. ஆனால் உலோகத் தகட்டை மெல்லிய கிண்ணமாக இழுப்பது அடுப்படியில் நடக்கிற காரியமில்லை. அதற்கு வரிசையாகப் பிரஸ்கள் வேண்டும். அதோடு வீட்டுக் குண்டு வேகமான துப்பாக்கிகளுக்கு உதவாமல் போனது.

மறுபடி அது வீட்டுக்குத் திரும்பியது இரண்டாம் உலகப் போரில். செம்பு, பித்தளை எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டன. 1943இல் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தையே துத்தநாகம் பூசிய எஃகில்தான் அச்சடித்தார்கள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வேட்டைக்காரருக்குக் கடையில் குண்டு கிடைக்கவில்லை. அதே ஆண்டு, கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில், அப்பாவின் சலவைக்கடைப் பின்னறையில் ஃபிரெட் ஹண்டிங்டன் ஸ்வேஜிங் டைகள் செய்யத் தொடங்கினார்.

மேலுறைக்கு எங்கே போவது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பயிற்சிக்குச் சுடும் சின்ன .22 ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பொறிக் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை சுட்டால் அந்தக் கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது எளிதல்ல, குப்பைதான். ஆனால் அதன் விட்டம் அன்றைய வேகமான .22 ரைஃபிள் குண்டின் விட்டத்துக்கு ஏறக்குறைய சமம். விளிம்பை டை வழியாகத் தள்ளி நேராக்கினால் அடிமூடிய ஒரு பித்தளைக் கிண்ணம் கிடைக்கும். அதுவே மேலுறை. சில குண்டுகளின் அடியைத் திருப்பிப் பார்த்தால், பழைய தோட்டா ஆலையின் முத்திரை எழுத்து இன்னும் லேசாகத் தெரியும்.

மேற்கு அமெரிக்க மலைச்சரிவுகளில் ராக் சக் என்று கொழுத்த அணில் இனப் பிராணி ஒன்று உண்டு. அதை வேட்டையாடத்தான் இந்தக் குண்டு. ஹண்டிங்டனின் டைக்கு 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்று பேர் வந்தது. அதன் முதல் எழுத்துகள்தான் இன்றைய ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் பெயர்.

அதே குப்பைக் கூடுகளிலிருந்து இன்னும் இருவர் கிளம்பினார்கள். வெர்னன் ஸ்பியர் ஐடஹோவின் லூயிஸ்டனில் குண்டுத் தொழில் தொடங்கினார். அவரோடு முன்பு வேலை செய்த ஜாய்ஸ் ஹார்னடி 1949இல் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் சொந்த நிறுவனம் வைத்தார். போர் முடிந்து செம்பு திரும்பியது. இவர்களின் ஆலைகள் நல்ல குண்டுகளை மலிவாகக் கொடுத்தன. ஆக, வீட்டு ஸ்வேஜிங்கின் தேவையை இல்லாமல் ஆக்கியவர்கள் அதே குப்பைக் கூடுகளில் தொழில் பழகியவர்கள்தான். ஆர்சிபிஎஸ்கூட அதிகம் பேர் வாங்கியது தோட்டாவை மறுபடி நிரப்பும் கருவிகளுக்காகத்தான்.

ஒரே ஒரு கூட்டம் மட்டும் விடவில்லை. போருக்குப் பிறகு பரவிய பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்து 100, 200 கெஜத்தில் சுடுவார்கள். எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில் போகவேண்டும் என்பது ஆசை. அதற்குக் குண்டின் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து துளியும் விலகக்கூடாது. ஆலை வேகத்தில் அது கடினம். பொறுமையாக ஒவ்வொன்றாக அழுத்துகிற மனிதருக்கு முடியும். அந்தப் போட்டியில் இன்றும் கையால் செய்த குண்டுகளுக்கு மவுசு உண்டு.

சரி, இன்றைய கணக்கு? ஒரு பவுண்டு ஈயம் 7000 கிரெயின். மையத்துக்கு 40 கிரெயின் என்றால் 175 குண்டு வரும். பழைய கூடு சும்மா கிடைக்கும். பொருள் செலவு சில காசுதான். ஆனால் நல்ல டைகளும் பலமான பிரஸ்ஸும் பெரிய முதலீடு. ஒவ்வொரு குண்டும் பல படி கைவேலை. நேரத்துக்குக் கூலி போட்டால் கணக்கு அங்கேயே படுத்துவிடும். அதோடு ரிம்ஃபயர் கூடு மெல்லிசு, மிக அதிக வேகத்தில் பிய்ந்துபோகும். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு இது வேலைக்கு ஆகாது. துல்லியம் வேண்டுபவருக்கும், வேலையே பொழுதாக இருப்பவருக்கும் சரி. மூன்றாவதாக ஒருவர் உண்டு: கடை காலியாகிவிடுமோ என்று பயப்படுபவர். 2013இல் .22 தோட்டாத் தட்டுப்பாடு, 2020இல் பெருந்தொற்றுத் தட்டுப்பாடு என்று அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கத்தான் செய்தது.

இதையெல்லாம் நாம் எதுக்குப் படிக்கவேண்டும்? ஹார்னடி நிறுவனம் தொடங்கிய அதே 1949ஐ இங்கே பாருங்கள். மலாயாவில் அவசரகாலம். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை, ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று சொல்லி, மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த 6 தோட்டாக்களுக்கு எந்தப் பவுண்டு ஈயக் கணக்கு பொருந்தும்?

அமெரிக்காவில் எல்லாரும் எல்லாமும் செய்யலாம் என்றில்லை. அங்கேயும் 1968 சட்டப்படி விற்பனைக்குக் குண்டு செய்ய உரிமம் வேண்டும், சொந்த உபயோகத்துக்கு வேண்டாம். அந்தச் சின்ன விலக்குதான் ஒரு மனிதரைப் பின்னறையில் உட்கார்ந்து டை, ஈயம், நேரம் என்று நிதானமாகக் கூட்டிக் கழிக்க விடுகிறது. நம் ஊரில் அந்தத் தாளை எடுக்கிற நிலையே இல்லை. அது இல்லாததில் எனக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன். ஆனால் வரலாற்றில் அடக்க விலை பார்க்கும்போது உலோகத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின் கீழ், யார் கையில் இருந்தது என்பதையும் கூட்டித்தான் ஆகவேண்டும்.