ஜிஞ்சர் (சொல் வரலாறு)

ஜிஞ்சர் என்பது இஞ்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம், பாலி என்று இதன் தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், தென்னிந்தியத் திராவிட மொழிகளில் வந்து நிற்கிறது. இஞ்சி, வேர் என்ற இரண்டும் சேர்ந்த சொல்லே மூலம் என்பது மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்ற முடிவு. (நாம் நசுக்கித் தேநீரில் போடுவது வேரல்ல, மண்ணுக்குள் ஓடும் தண்டு. பெயர் வைத்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.)

பாலியில் இது 'சிங்கிவேர'. தமிழ் இஞ்சியில் இல்லாத சகரம் அங்கே எங்கிருந்து வந்தது? அங்கே வரவில்லை, இங்கேதான் போயிற்று. சொல்லின் முதலில் நின்ற சகரம் தமிழில் பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது: சிறகு இறகானது, சிப்பி இப்பியானது. சகரம் உதிருமுன்பே சொல் வடக்கே போய்விட்டது என்று கொள்ளலாம். சமஸ்கிருதத்தில் அது 'சிருங்கவேர' ஆகி, 'கொம்பு போன்ற உடலுடையது' என்ற பொருளும் பெற்றது. கிளைவிட்ட இஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்தால் மான்கொம்பு நினைவுக்கு வரும். ஆனாலும் அது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். இராமாயணத்தில் வரும் குகனின் ஊரான சிருங்கிபேரத்தின் பெயரிலும் இதே வடிவம் இருக்கிறது.

கிரேக்கர் 'ஸிங்கிபெரிஸ்' என்றனர். கி.பி. முதல் நூற்றாண்டில் தியோஸ்கொரிதேஸ் தம் மருந்து நூலில் இதைச் சேர்த்தார். அதே நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, இது மிளகுச் செடியின் வேர் என்று நம்பியவர்களைத் திருத்தினார். திருத்தியவரே இது அரேபியாவில் விளைகிறது என்றும் எழுதிவைத்தார். சரக்கு கைமாறிய வழியை விளைந்த இடமாக எண்ணிவிட்டார் போலும்.

பிற்கால இலத்தீனின் 'ஜிஞ்சிபெர்' பழைய ஆங்கிலத்தில் 'ஜிஞ்சிஃபெர்' ஆனது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு வடிவமும் வந்து கலந்தது. நடுவெழுத்துகள் தேய்ந்து ஜிஞ்சர் மிஞ்சியது. அதன் கடைசி 'அர்' நம் வேரின் மிச்சம். ஜெர்மானியரோ முதலெழுத்தை உதிர்த்து 'இங்வெர்' என்கிறார்கள். இஞ்சிவேரை அப்படியே உச்சரிப்பதுபோல் காதில் விழுந்தாலும் அது தற்செயல்தான்.

பதனிட்ட இஞ்சியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் ஈறு ஆங்கிலக் காதுகளுக்கு 'பிரெட்' என்று கேட்டதில் பிறந்தது ஜிஞ்சர்பிரெட். 'மெல்ல, பதனமாக' என்று பொருள்படும் ஜிஞ்சர்லிக்கும் இஞ்சிக்கும் எந்த உறவும் இல்லை.