பெயர் தெரியாத கால் உளைவு: ஒரு காய்ச்சலின் வரலாறு

2006ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா தொலைபேசியில் பேசினார். "தம்பி, காய்ச்சல் விட்டு மூண்டு கிழமையாச்சு. காலமையில எழும்பினால் முழங்காலை மடக்க ஏலாமல் கிடக்கு. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் கிணத்தடிக்குப் போறன்" என்றார். அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. "வாதமாயிருக்கும் அக்கா, எண்ணெய் பூசிப் பாருங்கோ" என்று சொல்லி உரையாடலை முடித்துக்கொண்டேன்.

அந்நாட்களில் கொழும்பில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் மாறியும் பலர் நடக்க முடியாமல் இருக்கிறார்கள் என்று வடக்கிலிருந்து செய்தியாளர் ஒருவர் எழுதியனுப்பியதை நான்கு வரிகளாகச் சுருக்கி உட்பக்கத்தில் இட்டவனும் நானே. ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு, குடாநாடு அரிசிக்கும் மாவுக்கும் அல்லற்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கால் நோவெல்லாம் ஒரு செய்தியா என்று எண்ணிவிட்டேன்.

அந்த நோவுக்கு நீண்ட வரலாறு உண்டென்பதைப் பின்னரே படித்தறிந்தேன். 1952இலும் 1953இலும், இன்று தன்சானியா எனப்படும் அன்றைய தங்கனிக்காவின் தென்பகுதியில், மகொண்டே மேட்டுநிலக் கிராமங்களில் ஒரு காய்ச்சல் பரவியது. திடீரெனக் காய்ச்சல் மூளும். கூடவே மூட்டுகளில் தாங்கொணா வலி எழும். நோயாளி நிமிர முடியாமல் வளைந்து கிடப்பார். மகொண்டே மக்கள் தங்கள் மொழியில் அதற்குச் சிக்குன்குனியா என்று பெயரிட்டனர். வளைந்து முறுகச் செய்வது என்பது அதன் பொருள். நோயாளரை ஆராய்ந்த வைத்தியர் மரியன் ரொபின்சனும், பரவலை ஆராய்ந்த லம்ஸ்டனும் 1955இல் தத்தம் கட்டுரைகளை வெளியிட்டபோது அந்த மக்களின் சொல்லையே நோயின் பெயராக ஏற்றுக்கொண்டனர். தண்ணீர் அரிதான அந்த மேட்டுநிலத்தில் வீடுகளுக்குள் சேமித்துவைத்த நீரில் ஈடிஸ் நுளம்பு பெருகியதே பரவலுக்கு வழிவகுத்தது.

இந்த வலி அதற்கு முன்னரும் மனிதரை வாட்டியிருக்கலாம். 1779இல், இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவில், டேவிட் பைலன் என்ற வைத்தியர் மூட்டுகளைத் தாக்கிய ஒரு காய்ச்சலை விவரித்தார். அவரும் அதற்கு ஆளானவரே. அது டெங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1960களில் வேலூரில் வைரஸ் ஆய்வில் ஈடுபட்டிருந்த டொனால்ட் கேரி, 1971இல் எழுதிய கட்டுரையொன்றில், பைலன் கண்டது சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்று வாதிட்டார். எல்லோரும் இதனை ஏற்பதில்லை. எனினும், ஒரு நோய் இன்னொன்றின் பெயருக்குள் மறைந்து கிடக்கக்கூடும் என்பதை அவரது கட்டுரை உணர்த்தியது.

நமது பிராந்தியத்தில் 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் வேலூரிலும் இந்நோய் பரவியது. அதே தசாப்தத்தின் நடுப்பகுதியில் இலங்கையிலும் அறியப்பட்டது. பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கு அதன் பேச்சே இல்லை. ஒரு தலைமுறை அதனை மறந்துபோயிற்று. 2004இல் கென்யாவின் லாமு தீவில் மீண்டும் மூண்ட நோய், கொமொரோஸ் ஊடாக ரீயூனியனை அடைந்தது. அங்கு மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கினரைத் தாக்கியது. 2006இல் இந்தியாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் இலங்கைக்கும் வந்து, யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, புத்தளம், கொழும்பு எனப் பரவியது. 1960களில் இங்கு கண்டது ஆசியப் பரம்பரை வைரஸ். இம்முறை வந்ததோ மகொண்டே மேட்டுநிலத்தில் கண்டதைச் சேர்ந்த ஆபிரிக்கப் பரம்பரை.

காய்ச்சல் பொதுவாக ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். ஆனால் முழங்கால், கணுக்கால், விரல் மூட்டுகளின் நோவு சிலருக்கு மாதக்கணக்கிலும், இன்னும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கும் ஏற்கெனவே மூட்டு நோய் உள்ளவர்களுக்கும் அது நீடிக்கும் வாய்ப்பு அதிகம். ஊடுகதிர்ப் படத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அதனாலேயே, நோவு இருக்கிறது என்று சொல்பவரை வீட்டாரும் சில வேளைகளில் வைத்தியரும் நம்புவதில்லை. வயது, வாதம், மனக்கவலை, வேலைக்கள்ளம் என்று ஏதேனுமொரு முத்திரை குத்தப்படுகிறது. காரணம் புரியாத கால் நோவோடு வருபவரிடம், சில மாதங்களுக்கு முன் காய்ச்சல் வந்ததா, அயலில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று கேட்பதற்குச் செலவேதும் இல்லை. இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருளைச் சோதித்தும் அறியலாம். இந்த வைரஸை அழிப்பதற்கெனத் தனியான மருந்து இன்றுவரை இல்லை. நோவைத் தணிக்க வழிகள் உண்டு.

நோயின் பெயர் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியபின் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, அவருக்கு வந்தது வாதமாக இராது, இந்தக் காய்ச்சலாகவே இருக்கும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "பேர் தெரிஞ்சால் நோ போயிடுமோ தம்பி? எண்டாலும் நான் சும்மா சொல்லேல்லை எண்டு இப்பவாவது உனக்குத் தெரிஞ்சுதே" என்றார்.

அன்று நான் நான்கு வரிகளாக வெட்டிய செய்தியில் எத்தனை அக்காமார் இருந்தார்களோ. அவர்களுக்குக் கடன்பட்டவனாகவே இதனை எழுதுகிறேன்.