ஈசிஜி நார்மல்... ஆனாலும் நெஞ்சு படபடக்குதா? பதற்றம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வயிற்றைப் பிசைகிறது. மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது. பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடினால் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். "உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டிலோ, "எல்லாம் உன் கற்பனை" என்கிறார்கள்.

ஆனால், அந்தப் படபடப்பு கற்பனை இல்லை. உடம்பில் நிஜமாகவே நடக்கும் மாற்றம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் உலகம் முழுக்க சுமார் 30 கோடி பேர் பதற்றக் கோளாறுடன் வாழ்ந்தார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளையில் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்து வருகிறதா என்று கண்காணிப்பது இதன் முக்கிய வேலை. ஆபத்து என்று அது நினைத்துவிட்டால், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குத் தகவல் போகிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குப் பாய்கிறது. அதனால்தான் கை, கால் சில்லிட்டுப் போகிறது. செரிமானம் மந்தமாகி வயிறு கலங்குகிறது. வாய் உலர்கிறது.

'சண்டை போடு, இல்லைன்னா ஓடு' என்று உடம்பைத் தயார்படுத்தும் ஏற்பாடு இது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ல் இதை விளக்கினார். துரத்தும் நாயிடமிருந்து தப்பிக்க இது உதவும். ஆனால் இஎம்ஐ தேதிக்கும், மேனேஜர் போன் காலுக்கும் ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. ஆபத்து தீராததால் அடுத்து கார்டிசால் என்ற ஹார்மோனும் தொடர்ந்து சுரக்கிறது. இது ரத்தச் சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும்.

விரல் மரத்துப்போவது ஏன்?

பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது, கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறுகிறது. அதன் அளவு ரத்தத்தில் குறைந்தால் தலை சுற்றும், விரல்களிலும் வாயைச் சுற்றியும் மரமரப்பு வரும். "ஐயோ, ஏதோ ஆகுது" என்ற பயம் இன்னும் கூடும். மூச்சு இன்னும் வேகமாகும். இந்தச் சுழல்தான் 'பேனிக் அட்டாக்'. பொதுவாக 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல அடங்கும்.

மாரடைப்பா, பதற்றமா?

இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை இருந்தால் "கேஸாத்தான் இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது ஆகியவையும் இதே படபடப்பைத் தரும். பரிசோதனையில் இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகே பதற்றம் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

இயற்கையாக என்ன செய்யலாம்?

* மூச்சு: 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். 5 நிமிடம் போதும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. பேப்பர் கவரில் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயப் பிரச்னையோ இருந்தால் அது ஆபத்து.

* நடை: ஓடுவதற்காகச் சுரந்த ஹார்மோனுக்கு நடைதான் நல்ல வடிகால். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது 5 நாள், தினமும் அரை மணி நேரம் வேக நடை.

* காபி, டீ: குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரமாகும். மாலை 5 மணிக்குக் குடித்த காபி, இரவு 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். மதியத்துக்கு மேல் தவிர்த்துப் பாருங்கள்.

* மது: "ஒரு ரவுண்டு போட்டா தூக்கம் வருது" என்பது பாதி உண்மைதான். போதை இறங்கும்போது நடுராத்திரியில் முழிப்பு வரும், மறுநாள் பதற்றம் கூடும்.

அமுக்கரா கிழங்கு உதவுமா?

அஸ்வகந்தா என்ற பெயரில் விற்கப்படும் அமுக்கரா, மன அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவை சில வாரங்கள் மட்டுமே நடந்தவை. நீண்டகாலம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அரிதாக சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. கர்ப்பிணிகள், தைராய்டு அல்லது கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், சர்க்கரை, பிபி, தூக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. 'இயற்கை' என்று டப்பாவில் எழுதியிருப்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

பதற்றத்தால் வேலைக்கோ வெளியிலோ போக முடியவில்லை, தூக்கம் தொடர்ந்து கெடுகிறது, அட்டாக் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம். எண்ணங்களைக் கையாளப் பழக்கும் பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் நல்ல பலன் தரும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று திடீரென நிறுத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதும் பழக்கத்துக்கு அடிமையாக்கும்.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே இந்த எண்ணை அழையுங்கள். அருகில் இருக்கும் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.