செவிலியத் தகவலியல்: ஒரு துறை உருவான வரலாறு

மருத்துவமனைக் கணினி அமைப்புகளைச் செவிலியர் பணிக்கு ஏற்ப வடிவமைப்பதும், சக செவிலியருக்கு அவற்றில் பயிற்சி அளிப்பதும், நோயாளிப் பதிவுகள் பிழையின்றி இருக்கின்றனவா என்று கண்காணிப்பதும் செவிலியத் தகவலியல் வல்லுநர்களின் வேலை. அமெரிக்காவில் இது தனிச் சிறப்புத் துறையாக வளர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

இதன் வேர் கணினிக்கும் முந்தையது. கிரிமியப் போரில் பணியாற்றித் திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், போர்க்காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே படைவீரர்கள் அதிகம் மாண்டனர் என்பதை 1858இல் வட்ட வரைபடங்களால் நிறுவினார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே முறையில் புள்ளிவிவரம் திரட்ட வேண்டும் என்று 1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டுக்குத் திட்டமும் அளித்தார்.

கணினிக் காலத்தின் முன்னோடி ஹேரியட் வெர்லி. வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தின் முதல் செவிலிய ஆய்வாளரான இவரிடம், மருத்துவத்தில் கணினியின் பயன் குறித்து 1950களின் இறுதியில் ஐபிஎம் நிறுவனம் ஆலோசனை கேட்டது. 1971இல் கலிபோர்னியாவின் எல் கமீனோ மருத்துவமனையில் நிறுவப்பட்ட அமைப்பில், மருத்துவரின் உத்தரவுகள் திரையில் ஒளிப்பேனாவால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதிவாயின.

ஆனால் ஒரு பெருங்குறை இருந்தது. நோயின் பெயரும் சிகிச்சையும் தரவுகளாகச் சேர்ந்தன. இரவு பகலாகச் செவிலியர் செய்த பராமரிப்போ கையெழுத்துக் குறிப்புகளிலேயே தங்கிவிட்டது. அதை எண்ணவோ ஒப்பிடவோ வழியில்லை. எண்ண முடியாத உழைப்புக்கு நிதியும் ஆள்பலமும் கேட்டுப் பெறுவது கடினம். இக்குறையைத் தீர்க்க முதலில் பொதுவான சொற்கள் தேவைப்பட்டன. செவிலியர் கண்டறியும் பிரச்சினைகளை வகைப்படுத்தும் முதல் மாநாடு 1973இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடியது. 1985இல் வெர்லியின் முயற்சியால் 16 கூறுகள் கொண்ட குறைந்தபட்சச் செவிலியத் தரவுத் தொகுப்பு உருவானது. நோயாளியின் பிரச்சினை, செவிலியர் செய்த பணி, அதன் விளைவு, பராமரிப்பின் தீவிரம் ஆகிய நான்கும் அதன் மையக் கூறுகள்.

கல்வியும் அங்கீகாரமும் அடுத்தடுத்து வந்தன. 1988இல் மேரிலாந்து பல்கலைக்கழகம் இத்துறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 1992இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைச் சிறப்புத் துறையாக ஏற்றது. 1995இல் சான்றிதழ்த் தேர்வு தொடங்கியது.

இத்துறையின் ஆற்றலை நன்கு விளக்குவது டொபீகா நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனை. வாடகைக் கார் நிறுவன ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடை வருடியதைக் கண்ட சூ கின்னிக் என்னும் செவிலியர், மருந்து கொடுப்பதிலும் இம்முறை உதவும் என்று உணர்ந்தார். அவர் யோசனைப்படி அம்மருத்துவமனையில் பார்கோடு முறை உருவானது. செவிலியர் முதலில் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் பிறகு மருந்து உறையையும் வருடுவார். ஆள், மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றில் எது மாறினாலும் கணினி எச்சரிக்கும். சில ஆண்டுகளில் நாடெங்கும் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்கு இம்முறை பரவியது.

மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கு ஊக்கத்தொகை அளிக்கும் அமெரிக்கச் சட்டம் 2009இல் வந்தபின், இவ்வல்லுநர்களின் தேவை பெருகியது. நோயாளியின் அருகிலேயே இருப்பவர் செவிலியர். அவரது அறிவைக் கேட்டு வடிவமைத்த கருவியே நோயாளிக்குப் பாதுகாப்பானது என்பதே இவ்வரலாறு உறுதிசெய்யும் உண்மை.